யூகானுக்கு வீட்டோடு போக: அலாஸ்கா ஹைவேயா, கேசியாரா?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், பிரின்ஸ் ஜார்ஜ் ஊருக்குள் 97ஆம் நெடுஞ்சாலையும் 16ஆம் நெடுஞ்சாலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. நேராக வடக்கே விட்டால் டாசன் கிரீக், அங்கிருந்து அலாஸ்கா ஹைவே. இடது பக்கம் மேற்கே ஒடித்தால் ஸ்மிதர்ஸ், கிட்வாங்கா, அங்கிருந்து கேசியார் என்கிற 37ஆம் நெடுஞ்சாலை. இரண்டும் கடைசியில் வடக்கே யூகான் பிரதேசத்தில் வாட்சன் லேக் பக்கம்தான் போய்ச் சேரும். நடுவில் கிடப்பது வடக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலையும் காடும். ஊர்களை எண்ண இரண்டு கை விரல்களே அதிகம்.

எங்கள் வீட்டில் இந்த ஒரு திருப்பத்துக்காக இரண்டு மாதம் வாக்குவாதம் நடந்தது. "பெட்ரோல் பங்க் இருக்கிற வழியா பாருப்பா" என்றார் அப்பா. "கரடி இருக்கிற வழி" என்றாள் மகள். முதல் முறை அலாஸ்கா ஹைவேயில் ஏறி, அதிலேயே திரும்பி வந்தோம். இரண்டாம் முறை அதில் ஏறி, கேசியாரில் இறங்கினோம். முதல் முறை வாடகைக்கு எடுத்த, வீட்டையே உள்ளே அடக்கிய 25 அடி மோட்டார்ஹோம், அடுத்த முறை பிக்கப் வண்டியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சின்ன ட்ரக் கேம்பர். அதனால் சாலையையும் சொல்லலாம், வண்டியையும் சொல்லலாம். இரண்டையும் பிரித்துப் பேசவும் முடியாது.

தூரக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். பிரின்ஸ் ஜார்ஜிலிருந்து வாட்சன் லேக்குக்கு அலாஸ்கா ஹைவே வழியாக ஏறக்குறைய 1,400 கிலோமீட்டர். கேசியார் வழியாக 1,230 அளவில். வரைபடத்தில் பார்த்ததும் கேசியார்தான் லாபம் என்று தோன்றும். ஆனால் கேசியாரில் வண்டி அந்த வேகத்தில் ஓடாது. சாலை குறுகல், வளைவு அதிகம். 150 கிலோமீட்டர் மிச்சம் பிடித்ததெல்லாம் நிதானமாக ஓட்டுவதில் கரைந்துவிடும். ஆகவே தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். எட்மண்டன், கால்கரி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. டாசன் கிரீக் அவர்கள் வழியிலேயே இருக்கிறது. போகும்போது அலாஸ்கா ஹைவே, திரும்பும்போது வேண்டுமானால் கேசியார். வான்கூவரிலிருந்து கிளம்புகிறவர்களுக்குத்தான் தலைவலி.

போருக்குப் போட்ட சாலை

அலாஸ்கா ஹைவே சுற்றுலாவுக்காகப் போட்டதல்ல. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும், அலாஸ்காவுக்குத் தரை வழி வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் 1942 மார்ச்சில் வேலையை ஆரம்பித்து, அந்த ஆண்டுக் குளிர்காலத்துக்குள் ஒரு வழியாகத் திறந்துவிட்டது. வேலை செய்த பத்தாயிரத்துச் சொச்சம் படைவீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கறுப்பினத்தவர். தனிப் பிரிவுகளாக வைத்து, பலருக்கு நல்ல இயந்திரம்கூடக் கொடுக்காமல் வேலை வாங்கினார்கள். அன்று சுமார் 2,700 கிலோமீட்டராக இருந்த சாலை, வளைவுகளை நிமிர்த்தி நிமிர்த்தி இன்று 2,230 அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனாலும் ஆட்கள் இன்னும் பழைய மைல் கணக்கில்தான் இடம் சொல்கிறார்கள். "மைல் 496" என்றால் லியார்ட் வெந்நீர் ஊற்று.

இந்த வரலாறு பயணிக்கு எங்கே உதவுகிறது என்றால், லாரி போவதற்கென்றே போட்ட சாலை இது. இன்றைக்கும் லாரிகள் ஓடுகின்றன. அதனால் அகலம் உண்டு, பல இடங்களில் ஓரத்தில் ஒதுங்க இடம் உண்டு, பெட்ரோலும் சாப்பாடும் ஓரளவு சீரான இடைவெளியில் கிடைக்கும். பெரிய வண்டியை முதன்முதலில் ஓட்டுகிறவருக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

அழகு என்று பார்த்தால், டாசன் கிரீக்கிலிருந்து ஃபோர்ட் நெல்சன் வரை நேர்மையாகச் சொல்கிறேன், சலிப்புதான். காடு, எண்ணெய் எரிவாயு வண்டிகள், மறுபடியும் காடு. 450 கிலோமீட்டர். ஃபோர்ட் நெல்சனைத் தாண்டியதும் சாலை மேற்கே திரும்பி ராக்கி மலைக்குள் நுழைகிறது, அங்கிருந்து கதையே வேறு. ஸ்டோன் மவுண்டன் பூங்காவில் சம்மிட் கணவாய், 1,295 மீட்டர். முழு ஹைவேயிலும் அதுதான் உச்சி. அப்புறம் மஞ்சோ ஏரி. ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் பச்சை மரகதத் தண்ணீர், நடுவில் சாலை. தண்ணீர்ப் பக்கம் தடுப்பைத் தொட்டுவிடுவோமோ என்று மனைவி ஜன்னலிலிருந்து நகர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே ஒரு வளைவு தாண்டியதும் ஸ்டோன் ஷீப் எனப்படும் மலையாடுகள் ஏழெட்டு நடுச் சாலையில் நின்றுகொண்டிருந்தன. பெட்டைகளும் குட்டிகளும். மண்ணில் இருக்கும் உப்புச்சத்துக்காகச் சாலையை நக்குகின்றன. ஒரு குட்டி முன்னங்காலை மடித்து மண்டிபோட்டு, தார் விளிம்பில் இருந்த ஒரே இடத்தைத் தட்டு வழிப்பது போல நக்கிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹார்ன் அடிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

லியார்டுக்கு முன்னும் பின்னும் சாலை ஓரத்துப் புல்லில் பைசன் எனப்படும் காட்டெருமைக் கூட்டம் மேயும். வெந்நீர் ஊற்றுக்குச் சதுப்பின் மேல் போட்ட பலகைப் பாதையில் நடந்து போக வேண்டும். தண்ணீர் 42 முதல் 52 டிகிரி வரை. ஊற்று கிளம்பும் முனைக்குப் போகப் போகச் சுடும். மூட்டுவலிக்காரரான அப்பா அந்த முனையில்தான் போய் உட்கார்ந்தார். இரண்டு நாள் ஓட்டிய களைப்புக்கு அது போல ஒன்று கேசியார் பக்கம் கிடையாது. வாட்சன் லேக்கில் பெயர்ப்பலகைக் காடும் இந்த வழியில்தான். 1942இல் கார்ல் லிண்ட்லி என்ற சிப்பாய், ஊர் ஞாபகம் தாங்காமல் தன் ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதி நட்டாராம். இன்று 80,000 பலகைகளைத் தாண்டிவிட்டது. கேசியாரில் வந்தாலும் சந்திப்பிலிருந்து கிழக்கே இருபது கிலோமீட்டர் சொச்சம் போனால் பார்த்துவிடலாம், எனவே அதை ஒரு காரணமாகக் கொள்ள வேண்டாம்.

காட்டுக்குள்ளேயே போகும் சாலை

கிட்வாங்காவிலிருந்து அலாஸ்கா ஹைவே சந்திப்பு வரை கேசியார் 725 கிலோமீட்டர் அளவு. ஒரு காலத்தில் சரளையும் சேறுமாக இருந்ததாகச் சொல்வார்கள். இப்போது பரவாயில்லை, கிட்டத்தட்ட முழுவதும் மேல்பூச்சு போட்டாயிற்று. ஆனால் வடக்கே போகப் போக நடுக்கோடு இல்லாமல் போகும், ஓரம் என்பது கிடையவே கிடையாது. தார் முடியும் இடத்தில் பள்ளம் ஆரம்பித்துவிடும். எதிரே ஒரு பெரிய மோட்டார்ஹோம் வந்தால் இரண்டு டிரைவரும் கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொள்வோம். இஸ்கட் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து செம்புத் தாது ஏற்றிய லாரிகள் ஸ்டூவர்ட் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். அவர்களுக்குச் சாலை அத்துப்படி. பின்னால் வந்தால் ஒதுங்க இடம் கிடைத்ததும் ஒதுங்கி விட்டுவிடுங்கள்.

பெட்ரோல்தான் இங்கே உண்மையான கணக்கு. மெசியாடின் சந்திப்பு, பெல் 2, டீஸ் லேக் என்று கைக்கடக்கமான இடங்கள். டீஸ் லேக்கைத் தாண்டினால் அலாஸ்கா ஹைவே சந்திப்பு வரை 235 கிலோமீட்டர், நடுவில் எதையும் நம்பக்கூடாது. பாதி டேங்க் ஆனதும் நிரப்பு என்பது அங்கே ஓட்டுகிற எல்லோரும் சொல்வது. எங்கள் மோட்டார்ஹோம் 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் குடித்தது. ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம். கைப்பேசி சிக்னல் ஊருக்குள் மட்டும்தான். சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் சின்னக் கருவி ஒன்று இல்லாமல் நான் இந்தச் சாலையில் ஏறமாட்டேன்.

அப்படியானால் எதற்குக் கேசியார்? அலாஸ்கா ஹைவேயில் மலையைப் பார்த்துக்கொண்டு போகிறோம். கேசியாரில் காடு ஜன்னலை உரசுகிறது. மெசியாடினுக்கும் டீஸ் லேக்குக்கும் நடுவில் ஒரே பகலில் ஒன்பது கருங்கரடிகள் பார்த்தோம். எல்லாம் சாலையோரத்தில் புல்லும் கிளோவரும் தின்றுகொண்டு. கினாஸ்கன் ஏரிக்கரையில் இரவு தங்கினோம். போயா ஏரியில் சுண்ணாம்பு கலந்த வெண்களிமண் அடித்தரை, அதனால் தண்ணீர் நீலப்பச்சையாகக் கண்ணாடி போலத் தெரியும், வடக்கத்தி ஏரிக்கு ஆச்சரியமாகக் கோடையில் குளிக்கவும் முடியும். தெற்கு முனையில் கிட்வாங்காவிலும் கிட்டன்யாவிலும் பூர்வகுடிகளான கிட்சான், கிட்டன்யா மக்களின் குலமரபுத் தூண்கள் ஊருக்குள்ளேயே திறந்த வெளியில் நிற்கின்றன. அருங்காட்சியக வெளிச்சத்தில் பார்ப்பதற்கும், மழையில் நனைந்து பாசி படிந்து நிற்பதைப் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

கேசியாரின் பெரிய பரிசு மெசியாடினிலிருந்து பிரியும் 37ஏ கிளைச்சாலை. ஸ்டூவர்ட் வரை 65 கிலோமீட்டர். வழியில் பேர் கிளேசியர் என்ற பனியாற்றைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். ஸ்டூவர்ட்டை ஒட்டி ஹைடர் என்ற குட்டி ஊர், அது அமெரிக்காவின் அலாஸ்கா. அங்கே ஃபிஷ் கிரீக் என்ற ஓடையில் ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை சால்மன் மீன்கள் ஏற, கரடிகள் வந்து பிடித்துத் தின்னும். மேலே பலகை மேடையில் நின்று பார்க்கலாம். ஹைடருக்குள் போக அமெரிக்கச் சோதனைச் சாவடி இல்லை. திரும்பும்போது மட்டும் கனடா அதிகாரி நிற்பார். இங்கே நம் ஆட்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாவடி இல்லை என்பதால் விசா வேண்டாம் என்று அர்த்தமில்லை. கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்து, கையில் இந்திய அல்லது இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமெரிக்க விசா தேவைதான். அப்பாவிடம் விசா இல்லை. அவர் ஸ்டூவர்ட்டில் காபி குடித்துக்கொண்டு இருந்துவிட்டார். திரும்பி வரும்போது "அமெரிக்காவில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?" என்று அதிகாரி கேட்க, பின்னாலிருந்து மகள் "நாலு கரடி" என்றாள்.

ஹைடரிலிருந்து இன்னும் மேலே சால்மன் பனியாற்றின் உச்சிப் பார்வையிடத்துக்குச் சரளைப் பாதை போகிறது. ட்ரக் கேம்பரில் போனோம். 25 அடி வண்டியில் போயிருக்கமாட்டேன். டீஸ் லேக்கிலிருந்து டெலிகிராஃப் கிரீக் போகும் சாலையைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். 20 சதவீதச் சரிவு, சரளை, கீழே பள்ளத்தாக்கு. மோட்டார்ஹோமுக்கு அது சாலையே அல்ல.

வண்டி பெரிதானால் சாலை சிறிதாகும்

25 அடி வண்டியில் சுகம் உண்டு, மறுக்க முடியாது. உள்ளேயே கழிவறை, அடுப்பு, நால்வருக்குப் படுக்கை, மழை பெய்தால் சீட்டாட மேஜை. வயதானவர்கள் இருந்தால் நடு இரவில் காட்டுக் கழிவறைக்குக் கரடி பயத்தோடு நடத்திக் கூட்டிப்போக வேண்டாம், அது ஒன்றே போதும். கூடாரக்காரர்களுக்கு இல்லாத இன்னொரு வசதி: யூகானின் மேற்கில் க்ளுவானே ஏரிக்கரையில் காங்டன் கிரீக் போன்ற முகாம்களில் கரடி நடமாட்டம் கூடும் பருவத்தில் துணிக்கூடாரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. கெட்டிச் சுவர் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் அந்தக் க்ளுவானேயில்தான் எங்களுக்கு வண்டி பாடம் நடத்தியது. யூகான் அரசு முகாம்களில் மின் இணைப்பு கிடையாது. விறகு கட்டணத்திலேயே சேர்ந்தது, தண்ணீர் கைப்பம்பில், அவ்வளவுதான். ஆகஸ்ட் கடைசி. இரவு மூன்று மணிக்கு ஹீட்டர் விசிறியின் சத்தம் மெலிந்து, முனகி, நின்றுவிட்டது. புரொப்பேன் நிறைய இருந்தது. விசிறியைச் சுற்ற பேட்டரியில் உயிர் இல்லை. ஜெனரேட்டர் போடலாம் என்றால் நடு இரவில் முகாமையே எழுப்புவதாகும். எல்லாப் போர்வையையும் அப்பா மேல் போட்டுவிட்டு, நாங்கள் மூவரும் ஒரே படுக்கையில் ஒடுங்கிக்கொண்டோம். விடிந்தபோது ஜன்னலின் உள்பக்கம் எங்கள் மூச்சு ஐஸாகக் கோலம் போட்டிருந்தது. பேட்டரி கிழடு என்பது திருப்பிக் கொடுக்கும்போதுதான் தெரிந்தது. வாடகைக்கு விட்டவர்கள் தோளைக் குலுக்கினார்கள். வண்டியை வாங்கும்போதே ஹீட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு பேட்டரி முள் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள்.

டிஸ்ட்ரக்ஷன் பே என்ற ஊரைத் தாண்டி அலாஸ்கா எல்லை வரை இன்னொரு கூத்து. அடியில் நிரந்தரமாக உறைந்த நிலம். 1942இல் மேலிருந்த பாசியையும் செடியையும் வழித்தெடுத்துச் சாலை போட்டதும் அது இளக ஆரம்பித்தது. இன்றுவரை சாலை அலை அலையாக உப்பியும் அமுங்கியும் கிடக்கிறது. காருக்கு ஊஞ்சல். மோட்டார்ஹோமுக்குப் பின் சக்கரத்துக்குப் பின்னால் எட்டடி வால் தொங்குவதால், முன்னால் ஒரு அங்குலம் ஏறினால் பின்னால் நான்கு அங்குலம் துள்ளும். மேலலமாரிக் கதவு திறந்து, அரிசி டப்பா மூடி கழன்று, ஐந்து கிலோ பொன்னி தரை முழுவதும். டொரான்டோவில் ஒரு வருடம் கழித்தும் அந்தப் பயணத்துப் பைகளிலிருந்து அரிசி கிடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பகுதியில் 60க்கு மேல் போகாதீர்கள்.

ட்ரக் கேம்பரில் இந்தத் தொல்லை பாதி. சாலையோரம் எங்கும் நிற்கும், சரளைக்கு அஞ்சாது, பெட்ரோலும் குறைவு. பதிலுக்கு, நால்வர் உள்ளே இருந்தால் ஒருவர் நகர மூவர் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். இரண்டு பேர் போவதென்றால் யோசிக்காமல் கேம்பர். பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தால் மோட்டார்ஹோம். ஆனால் 25 அடிக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

எதை எடுத்தாலும் வாடகை ஒப்பந்தத்தில் மூன்று இடங்களை விரல் வைத்துப் படியுங்கள்: சரளைச் சாலைக்குத் தடை, முன் கண்ணாடிக்குக் காப்பீடு உண்டா, ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் இலவசம். எதிரே வரும் லாரி ஒன்று எங்கள் கண்ணாடியில் நட்சத்திரம் போட்டது இரண்டாம் நாளே.

வைட்ஹார்ஸுக்குப் பறந்துபோனால்?

வான்கூவரிலிருந்து யூகானின் தலைநகரான வைட்ஹார்ஸுக்குச் சாலையில் 2,400 கிலோமீட்டர். போக வர, கிளைச்சாலைகளோடு 5,500 ஆகிவிடும். நூறுக்கு 25 லிட்டர் என்றால் 1,375 லிட்டர், லிட்டர் 1.80 டாலர் என்று வைத்துக்கொண்டால் பெட்ரோலுக்கு மட்டும் சுமார் 2,500 டாலர். நால்வரின் விமானச் செலவும் வைட்ஹார்ஸில் எடுக்கும் வாடகையும் இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை. என் கணக்கு எளிது: கையில் இரண்டு வாரமோ அதற்குக் குறைவோ இருந்தால் பறந்துபோய் அங்கே வண்டி எடுங்கள். மூன்று வாரம் இருந்தால் ஓட்டுங்கள். இரண்டு வாரத்தில் ஓட்டிப் போய் ஓட்டி வந்தால், யூகான் உங்களுக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்த ஒன்றாகவே இருக்கும்.

வைட்ஹார்ஸ் வரை போனவர்களுக்கு டெம்ப்ஸ்டர் ஹைவே ஆசை வரும். டாசன் சிட்டிக்கு 40 கிலோமீட்டர் முன்னால் பிரிந்து, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி இனுவிக் வரை. 2017 நவம்பரிலிருந்து டக்டோயக்டக்கில் கடல்வரை. முழுக்கச் சரளை. கூரான பாறைச் சில்லுகள் டயரைக் கிழிக்கும், ஒரு ஸ்டெப்னி போதாது, இரண்டு வேண்டும். முதல் பெட்ரோல் 369ஆவது கிலோமீட்டரில் ஈகிள் ப்ளெய்ன்ஸில். மோட்டார்ஹோமில் முழுதும் போகாதீர்கள். ஒப்பந்தம் அனுமதித்தால் டூம்ஸ்டோன் பூங்கா வரை, 71 கிலோமீட்டர், மெல்லப் போய்த் திரும்புங்கள். ஆகஸ்ட் இறுதியில் அங்குள்ள புதர்வெளி முழுவதும் சிவந்து கிடக்கும். மலையும் நிறமும் அங்கேயே கிடைத்துவிடுகின்றன. ஆர்க்டிக் வட்டத்துப் பலகையோடு படம் எடுக்க வேண்டும் என்றால் மட்டும்தான் மேலே போக வேண்டும்.

ஆக நான் சொல்லும் வழி: மூன்று வாரம், ஆகஸ்ட் முதல் வாரத்தில் கிளம்புங்கள். கொசு அடங்க ஆரம்பித்திருக்கும். ஏறும்போது அலாஸ்கா ஹைவே, ஏனென்றால் அகலமான சாலையில் பெரிய வண்டியின் நீளமும் வாலும் கைக்குப் பழகிவிடும், லியார்டில் முதுகையும் ஊறவைத்துவிடலாம். ஃபோர்ட் நெல்சன் வரையிலான சலிப்பும் ஆர்வம் குறையாத முதல் நாட்களிலேயே தீர்ந்துவிடும். இறங்கும்போது கேசியார். ஆகஸ்ட் கடைசியில் மெசியாடின் திருப்பத்தை அடைந்தால் ஹைடர் ஓடையில் மீனும் கரடியும் இருக்கும். இரவுகள் இருட்ட ஆரம்பித்திருப்பதால் வழியில் வானில் ஆடும் வடக்கு ஒளியும் (அரோரா) ஒன்றிரண்டு நாள் கிடைக்கலாம். முதல் முறை நான் செய்தது போல ஒரே சாலையில் ஏறி இறங்காதீர்கள். வாட்சன் லேக்கிலிருந்து மறுபடி ஃபோர்ட் நெல்சன் காட்டைப் பார்த்தபோது வண்டிக்குள் யாரும் யாரோடும் பேசவில்லை.

இரண்டு வழியில் ஒன்றுதான் முடியும், அப்பாவோ கைக்குழந்தையோ உடன் வருகிறார் என்றால் அலாஸ்கா ஹைவே. கணவன் மனைவி இருவர், சின்ன வண்டி என்றால் கேசியார், இரண்டு வழியும் அதிலேயே.

இதையெல்லாம் முடிவு செய்த பிறகும் ஒன்று பாக்கி இருக்கிறது. காட்டுத்தீ. 2024 மே மாதம் ஃபோர்ட் நெல்சன் ஊரையே காலி செய்தார்கள். எந்தக் கோடையிலும் இரண்டில் ஒரு சாலை சில நாள் மூடிக்கிடக்கக்கூடும், அப்போது மற்றதுதான் மாற்றுவழி. அதனால் முகாம்களுக்கு முன்பதிவு செய்யும்போது வாட்சன் லேக்குக்குத் தெற்கே உள்ளவற்றை ரத்து செய்ய முடிகிறபடி வையுங்கள். பிரின்ஸ் ஜார்ஜில் காலையில் டேங்க் நிரப்பும்போது சாலை நிலவரம் சொல்லும் டிரைவ்பிசி, 511 யூகான் இணையப் பக்கங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பலாமா, நேரே போகலாமா என்று சொல்லுங்கள்.